லேபிள் இல்லாத குளோரின் நீக்கியை நம்பி நான்கு கோய் மீன்களை இழந்தேன்

நீர் மாற்றிய மறுநாள் காலை குளத்தருகே போனதுமே பகீரென்றது. ஒன்பது கோய் மீன்களும் (ஜப்பானிய அலங்காரக் கெண்டை) நீர் கொட்டும் மூலையில் நெருக்கியடித்து நின்று, வாயை மேலே நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. ஆறு ஆண்டுகளாக நான் வளர்த்த கோஹாகு, வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட கோய் வகை, ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் வெள்ளைத் துடுப்பில் இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. பொழுது சாய்வதற்குள் அதையும் சேர்த்து நான்கு போய்விட்டன.

முந்தைய நாள்தான் பாதிக் குளத்து நீரை மாற்றியிருந்தேன். வழக்கமான குளோரின் நீக்கும் மருந்து தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் லேபிள் ஒட்டாத ஒரு புட்டியைக் கொடுத்தார். "எந்தக் குழாய் நீருக்கும் இது போதும் சார், ஆயிரம் லிட்டருக்கு ஒரு மூடி" என்றார். அவரே விற்ற சோதனைத் தாளும் குளோரின் பூஜ்யம் என்றே காட்டியது.

அந்தத் தாள் எதனோடும் சேராத தனித்த குளோரினை மட்டுமே அளக்கும். எங்கள் குழாயில் வருவதோ குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குடிநீர் அலுவலகத்தில் கேட்டவுடன் சொல்லிவிட்டார்கள். வெறும் குளோரின் என்றால் ஓரிரு நாள் காற்றுக்குமிழ் விட்டு வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. பிறகு குளோரமினில் இருப்பதையும் சேர்த்து மொத்தக் குளோரினை அளக்கும் கருவி வாங்கி, ஒரு வாளிக் குழாய் நீரில் கடைக்காரர் சொன்ன கணக்கில் மருந்து கலந்து பார்த்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் மிச்சம் இருந்தது. மீனின் செவுளைப் புண்ணாக்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

புட்டியில் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட்டாம். என்ன செறிவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதைப் போதிய அளவு போட்டிருந்தாலும் குளோரினைத்தான் முறிக்கும். அம்மோனியா நீரிலேயே தங்கிவிடும். காரத்தன்மை கூடிய நீரில் அதன் நஞ்சு இன்னும் அதிகம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களும் வடிகட்டியில் செத்துப்போயிருக்க வேண்டும். அடுத்த ஒரு வாரமும் அம்மோனியா ஏறிக்கொண்டே போனது.

கடைக்காரரிடம் முறையிட்டேன். மீன்களின் படத்தைக்கூடப் பார்க்காமல் செவுள்புழு என்று சொல்லி, அதற்கும் ஒரு மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். பிழைத்த ஐந்தில் இரண்டு இன்னும் சரியாக இரை எடுக்கவில்லை.

குளோரமினையும் அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் என்று லேபிளில் எழுதியிருக்கும் மருந்தையே வாங்குங்கள். புது நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, மருந்து கலந்து, மொத்தக் குளோரின் பூஜ்யம் என்று கண்ட பிறகே குளத்தில் விடுங்கள். குழாயை நேரே குளத்தில் விடுகிறவர்கள் முழுக் குளத்துக்கும் கணக்கிட்டு, நீரைத் திறப்பதற்கு முன்பே மருந்தைப் போட்டுவிட வேண்டும். ஒரே தடவையில் பாதியை மாற்றவே மாற்றாதீர்கள். நான் இப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. கடையில் லேபிள் இல்லாத புட்டியை நீட்டினால், குளோரமினுக்கு எத்தனை மில்லி என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.