லத்தீன் அகராதி: எந்த நூலுக்கு எது?

சிசரோ, வெர்ஜில் போன்ற பழைய ரோமானிய எழுத்தாளர்களை மட்டும் படிப்பதென்றால் கிளேர் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதியே போதும். 1933இல் வேலை தொடங்கி, 1968 முதல் 1982 வரை 8 பகுதிகளாக வந்தது. பழைய அகராதியைத் தட்டிக்கொட்டாமல், மூல நூல்களைப் புதிதாகப் படித்துச் செய்தது. ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முடிவோடு கடையைச் சாத்திவிடும். கிறித்துவ எழுத்தாளர்களுக்கு அதில் இடமில்லை. 'பாப்டிஸோ' (திருமுழுக்குக் கொடுத்தல்) என்று தேடினால் கிடைக்காது.

அகஸ்டின், ஜெரோம் போன்ற அந்தக் கிறித்துவ எழுத்தாளர்களைப் படிக்க 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட்தான் துணை. அட்டையில் இரண்டு பெயர் இருந்தாலும் ஷார்ட் செய்தது 'ஏ' எழுத்து மட்டுமே, முதல் 216 பக்கம். 'பி'யிலிருந்து (B) மற்றதெல்லாம் நியூயார்க் வழக்கறிஞர் சார்ல்டன் லூயிஸின் உழைப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் திறக்கிறார்கள். இதன் அடித்தளம் ஜெர்மானியரான ஃப்ராய்ண்டின் அகராதி. அதனால் சொற்பிறப்பு விளக்கங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நிற்கின்றன. அவற்றை நம்ப வேண்டாம். அதற்கு 2008இல் வந்த டி வானின் சொற்பிறப்பு அகராதி இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே மாறித் தேடும்போது தடுக்குவது எழுத்து வரிசையில். 'இயாம்' (iam, jam என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள்) என்ற சொல்லை லூயிஸ் 'ஜே'யில் வைத்திருப்பார். ஆக்ஸ்ஃபோர்டில் 'ஐ'யில் பார்க்க வேண்டும். 'யு', 'வி' இரண்டையும் ஆக்ஸ்ஃபோர்டு ஒரே எழுத்தாக அடுக்கும். "சொல்லே இல்லை" என்ற புகாரில் பாதி இதனால் வருவது.

மூன்றாவது, மியூனிக்கின் தெசௌருஸ் என்ற லத்தீன் பேரகராதி. வோல்ஃப்லின் முனைந்து 1894இல் தொடங்கிய வேலை, இன்னும் முடியவில்லை. சொல் வரும் இடங்களைக் குறித்த சுமார் ஒரு கோடி சீட்டுகள், கி.பி. 600 வரையிலான நூல்கள், விளக்கமும் லத்தீனிலேயே. பொருள் தெரிந்துகொள்ள இதைத் திறப்பது வீண் சிரமம். ஒரு சொல்லை யார், எப்போது, எந்தச் சூழலில் ஆண்டார் என்று ஆராய்பவருக்கோ இதற்கு மாற்று கிடையாது. 'பி' (P) வரை வந்துவிட்டது, 'என்' (N) நீங்கலாக. 'நோன்' (இல்லை), 'நெக்' (-உம் இல்லை) போன்று அடிக்கடி வரும் சொற்களுக்குக் குவிந்த சீட்டுகளைப் பார்த்து அதைத் தள்ளி வைத்தார்கள். இப்போது 'என்'னும் 'ஆர்'உம் நடக்கின்றன. 'விர்டூஸ்' (virtus) தேடுபவர் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

வீரமாமுனிவர் லத்தீனில் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணத்தைப் படிக்க விரும்புகிறவர் லூயிஸோடு தொடங்கலாம். மற்ற இரண்டும் அந்தக் காலத்தை எட்டிப் பார்ப்பதேயில்லை. லூயிஸிலும் இல்லாத சொல் வந்தால் திருச்சபை லத்தீன் அகராதிக்குத்தான் போக வேண்டும்.