ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸா, ஸ்வீட் கன்ட்ரியா? எத முதல்ல பாக்குறது

ரெண்டுமே ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள வெள்ளக்காரன் என்ன பாடு படுத்துனான்னு சொல்ற படம்தான், ஆனா டேஸ்ட் வேற வேற. 2002ல வந்த ஃபென்ஸ் நிஜக் கதை, 1931ல அம்மாகிட்டருந்து பிடுங்கிட்டுப் போன மூணு பொண்ணுங்க மூர் ரிவர் முகாமவிட்டு ஓடிவந்து, முயலத் தடுக்கப் போட்ட வேலிய பிடிச்சுக்கிட்டே அவங்க ஊரு ஜிகலாங்குக்கு நடக்குறாங்க, மொத்தம் 2,400 கிலோமீட்டர் சொல்றாங்க, அதுல பாதில ஒரு பொண்ணு மாட்டிக்கிறா. அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி மோலி இந்தப் பக்கம் வேலிக் கம்பிய பிடிக்க, எங்கயோ தூரத்துல அவ அம்மாவும் அதே கம்பிய பிடிச்சிட்டு நிப்பாங்க பாருங்க, அங்க நான் காலி.

ஸ்வீட் கன்ட்ரி 2017, டைரக்டர் வார்விக் தார்ன்டனே பழங்குடிக்காரர், அது படத்துல நல்லா தெரியுது. 1929, ஆஸ்திரேலியாவோட நார்தர்ன் டெரிட்டரி, தற்காப்புக்காக ஒரு வெள்ளக்காரன சுட்டுட்டு சாம்ங்கிற பழங்குடி ஆளு பொண்டாட்டியோட ஓடுறான். பின்னணி இசைனு பெருசா ஒண்ணுமே இல்ல. முதல் ஷாட்டே கொதிக்கிற டீ டப்பாதான், சண்டை சத்தம் மட்டும் ஃப்ரேமுக்கு வெளிய கேக்கும். நடுவுல கொஞ்சம் ஸ்லோ, ஒத்துக்கிறேன். கோர்ட்டு நடக்குறது நடுத்தெருவுல!

வீட்ல எல்லாரோடயும் பாக்கணும்னா ஃபென்ஸ். எனக்குன்னா ஸ்வீட் கன்ட்ரிதான், அதுவும் ராத்திரி தனியா.