இபேர்ட் செயலி: ஆவணி மாதப் பண்ணைக் கடலுக்குப் போதுமா?

பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிய உதவும், கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இலவசச் செயலி இது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும் ஆவணியில்தான் இதன் அருமை தெரியும்.

இலங்கைக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள். சுண்டிக்குளம் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. நீங்கள் நடக்கும் பாதையைக் குறிக்கும் வழித்தடப் பதிவு பற்றரியை நன்றாகக் குடிக்கும். ஒரே இடத்தில் நின்று பார்ப்பதென்றால் நிறுத்திவிடலாம்.

அபூர்வமான இனத்தைப் பதிந்தால் சிவப்புக் குறி காட்டி விளக்கம் கேட்கும். "நன்றாகத் தெரிந்தது" என்று எழுதுவதில் பயனில்லை. பண்ணைத் தாம்போதியோரச் சேற்றில் மேயும் வளைமூக்கு உள்ளான்களுக்குள் அதைப் போலவே தோன்றும் டன்லின் என்ற அபூர்வப் பறவை ஒன்று நிற்பதாகத் தோன்றினால், அது பறக்கும்வரை பொறுங்கள். வாலடியின் மேற்புறம் முழு வெள்ளையென்றால் வளைமூக்கு உள்ளான். வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடினால்தான் டன்லின். அதை அப்படியே எழுதுங்கள், மங்கலானாலும் படம் சேருங்கள். வயிற்றுச் செம்மையை மட்டும் நம்பவேண்டாம்: இனப்பெருக்கக் கோலம் முழுதாக உதிராத வளைமூக்கு உள்ளான்கள் இந்த மாதத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கும்.

குறை ஒன்று உண்டு. பட்டியலில் பெயரைத் தட்டுவது மிகச் சுலபம் என்பதால் பிழையான பதிவும் சுலபம். சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள், பதில் வரத் தாமதமாகலாம். வெயில் ஏறினால் கானல் அலையும், சோளகக் காற்றும் தொலைநோக்கியை ஆட்டும். காலையிலேயே எண்ணி முடித்துவிடுங்கள்.