யானைமலை மேப்புக்குத் தமிழ் லோடிங் ஸ்க்ரீன்: கிம்ப் 3.0 போதுமா?

க்வேக் 3 என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமின் எஞ்சினில், படுத்த யானைபோல் தெரியும் மதுரை ஒத்தக்கடை யானைமலையை மேப்பாக, அதாவது ஆட்டக்களமாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேப் லோடாகும்போது ‘யானைமலை’ என்று தமிழில் தெரிய வேண்டுமானால் பெயரைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். கேம் தானாகக் காட்டும் எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கும் ஓர் எழுத்துப் படத்திலிருந்து வருபவை. அதில் தமிழ் கிடையாது. இந்த வேலைக்கு 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 என்ற படத் திருத்த மென்பொருள் அருமையான கருவி. இலவசம் என்பதை இரண்டாவதாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது எழுத்து. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னும் கால் பின்னுமாக ஒழுங்காக வந்து உட்காருகிறது, எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். பழைய போட்டோஷாப் வெர்ஷன்களில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற செட்டிங்கைத் தேடிப்பிடித்து மாற்றாவிட்டால் கொம்பும் கால்களும் சிதறிவிடும். ஆனால் டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய வரியை அப்படியே ஒட்டினால் கிம்ப்பிலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். பாமினி யூனிகோட் அல்ல; மறுபடி அடித்துவிடுவதே சீக்கிரம் முடியும்.

3.0இன் பெரிய லாபம், எழுத்துக்கு நிழல் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்த முடிவது. 2.10இல் ட்ராப் ஷேடோ கொடுத்தபின் பெயரில் ஒரு பிழையைக் கண்டால் நிழலை முதலிலிருந்து போட வேண்டும். இப்போது ஃபில்டர் லேயரோடு தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெயரை மாற்றினால் நிழலும் மாறுகிறது. எழுத்துக்கு விளிம்புக்கோடு போடும் வசதியும் டெக்ஸ்ட் கருவிக்குள்ளேயே வந்துவிட்டது.

படத்தை 1920×1080 அளவில் அமையுங்கள். க்வேக் 3இன் மூலநிரல் 2005இல் வெளியானதால் கேம் எதை எங்கே எழுதுகிறது என்பது தெளிவாகத் தெரியும். இந்த அளவில், மேலிருந்து சுமார் 200 பிக்சலுக்குள் நடுவில் மேப் கோப்பின் பெயரும் இணைப்பு வரியும் வரும், ஓரங்கள் காலி. அதற்குக் கீழே நடுவில் லோடிங் வரி, சர்வர் பெயர், மேப் பெயர் எல்லாம் வரும். 640இலிருந்து ஆட்டக்காரர்களின் முகங்கள், 810இலிருந்து ஆயுதம், கவசம் போன்ற பொருட்களின் ஐகான்கள். ஆகவே தலைப்புக்கு இடம் வானத்தின் ஓரம்தான். யானைமலை படுத்திருக்கும் நீளவாக்கு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒரே சிக்கல், மாலை வெயில் பட்ட பாறை வெளுத்துத் தெரியும். அதன்மேல் கேமின் வெள்ளை எழுத்து விழுந்தால் படிக்க முடியாது. நடுப்பகுதியின்மீது ஒரு கறுப்பு லேயர், ஒபாசிட்டி 40, ஓரங்களை கிரேடியன்ட்டால் கரைத்துவிடுங்கள்.

பிறகு ஸ்கேல் இமேஜில் சங்கிலியை அவிழ்த்து 1024×1024 ஆக்க வேண்டும். யானை ஒடுங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கேம் அதை மறுபடி திரை அகலத்துக்கு இழுத்துவிடும். 1000×1000 என்று கொடுத்துவிடாதீர்கள்: இரண்டின் அடுக்காக இல்லாத அளவை எஞ்சின் வழக்கமாகக் கீழ்நோக்கி 512க்கு இறக்கிவிடும், படம் மங்கிவிடும். இப்படி ஒடுக்கும்போது முதலில் அடிபடுவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில் ‘ஒத்தக்கடை’ என்று எழுதிய வரி ‘ஒததககடை’ ஆகிவிடும். அரிமா மதுரை அழகான எழுத்துரு. அதன் போல்டை எடுங்கள், மெல்லிய வகைகள் இங்கே உதவா. ஒடுக்குவதற்கு முன்பே எக்ஸ்சிஎஃப் கோப்பை (லேயர்களோடு சேமிக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பு) சேமித்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட்டில்தான் பலருக்கும் சறுக்குகிறது. இமேஜ் மோடு ஆர்ஜிபியாக இருக்க வேண்டும். இன்டெக்ஸ்டு நிறத்தில் டிஜிஏ (க்வேக் 3 படிக்கும் ஒரு பட வடிவம்) கொடுத்தால் கேம் பிழை காட்டி மேப்பை ஏற்றாமல் நின்றுவிடும். ஃப்ளாட்டன் செய்து லேயர்களை ஒன்றாக்கி, டிஜிஏ பெட்டியில் ஆரிஜினை பாட்டம் லெஃப்ட் என்று வையுங்கள். டாப் லெஃப்ட் ஆனால் மலை தலைகீழாகத் தொங்கும். 1024 சதுரப் படம் சுருக்காமல் 3 எம்பி வரும். ஆர்எல்இ சுருக்கத்தைத் தாராளமாகப் போடலாம், எஞ்சின் படிக்கும். அதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் ஜேபெக், தரம் 90. ஆனால் ப்ரோக்ரஸிவ் டிக்கை எடுத்துவிடுங்கள், பழைய க்வேக் 3 அதைத் திறக்காது.

குறையும் உண்டு. பட்டையோ வட்டமோ வரைய 3.0இல் தனிக் கருவி இல்லை. செலக்‌ஷன் எடுத்து நிறம் நிரப்பித்தான் செய்ய வேண்டும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்.

படத்துக்கு மேப்பின் பிஎஸ்பி கோப்பின் (கேம் ஏற்றும் மேப் கோப்பு) பெயரையே எழுத்துக்கு எழுத்து வைத்து லெவல்ஷாட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். அந்த ஃபோல்டரையும் மேப்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து ஜிப் செய்து, பின்னொட்டை பிகே3 என்று மாற்றினால் போதும். இரண்டையும் இன்னொரு ஃபோல்டருக்குள் வைத்து ஜிப் செய்தால் மேப்பே கண்ணில் படாது. மேப் ஓடுகிறது, ஆனால் பெயர் தெரியாத மேப்புக்கான பொதுப்படம் வருகிறது என்றால், படத்தின் பெயரில் ஏதோ ஓர் எழுத்து தப்பியிருக்கிறது.