விடுதித் தளங்களுக்கு ஸ்டோரிபுக்: ஒரு மதிப்புரை

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குவோரில் வங்காளம் பேசுவோர் ஏராளம் என்பதால், அவ்விடுதிகளுக்கு இணையதளம் செய்து தரும் எங்களைப் போன்றோர் ஒரே பொத்தானைப் பல மொழிகளில் காட்டியாக வேண்டும். விடுதிக்கு விடுதி அறை அட்டையையும் (அறையின் படம், கட்டணம் காட்டும் பெட்டி) தேதித் தேர்வையும் புதிதாக எழுதுவது கட்டுப்படியாகாது. ஒருமுறை எழுதிய கம்போனென்டையே (பொத்தான், அட்டை போன்ற பக்கத்தின் தனிப் பகுதி) எல்லாத் தளங்களிலும் பயன்படுத்த நாங்கள் கையாளும் கருவி ஸ்டோரிபுக்.

இணையப் பக்கங்களின் முகப்பை எழுத உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கென 2016-இல் வெளிவந்த இந்தத் திறமூலக் கருவி இப்போது அதே வேலைக்கான வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது. தளம் முழுவதையும் இயக்காமல் ஒரு கம்போனென்டை மட்டும் உலாவியில் திறந்து, படம் வராத அட்டை, அறை நிரம்பிய அட்டை என அதன் ஒவ்வொரு நிலையையும் தனித்தனி 'ஸ்டோரி'யாக எழுதி வைக்கலாம். ஸ்டோரியில் உள்ள மதிப்புகளை அங்கேயே மாற்றிப் பார்க்க உதவும் கன்ட்ரோல்ஸ் பலகையில் 'புக் நவ்' என்ற சொற்களை அழித்து 'முன்பதிவு செய்க' என்று தட்டினால் போதும், குறை உடனே தெரிந்துவிடும்: அகலம் பிக்சலில் கட்டப்பட்ட பொத்தானில் 'செய்க' அடுத்த வரிக்கு இறங்கிப் பாதி மறைகிறது. அகலத்தை நீக்கிப் பேடிங் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) மட்டும் கொடுத்தால் எம்மொழியும் அடங்குகிறது. வரி உயரத்தையும் சற்றுக் கூட்ட வேண்டும்; இல்லையெனில் 'மு', 'கூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படக்கூடும்.

என் பார்வையில் இதன் பெரிய பயன் வேறு. அறை அட்டை தானே சர்வரிலிருந்து கட்டணத்தை எடுத்து வருமாறு எழுதப்பட்டிருந்தால், அதற்கு ஸ்டோரி எழுதப் போலியான சர்வர் பதில் ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திணறலே அட்டை இன்னும் பொதுவானதாகவில்லை என்பதற்கு அடையாளம். கட்டணத்தை ப்ராப்ஸ் (கம்போனென்டுக்குத் தரப்படும் மதிப்புகள்) வழியாக வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் ஸ்டோரி சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் விடுதிக்காரர் ஒவ்வொருவரும் கேட்பதற்கெல்லாம் ஒரு ப்ராப் சேர்த்து அட்டையை வீங்க வைப்பதை இக்கருவி தடுக்காது. அது எழுதுபவரின் பொறுப்பு.

அணுகுதன்மைக்கான (பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளோரும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கான) துணைநிரல், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5:1-க்குக் குறைந்தால் எச்சரிக்கிறது. வெளிர்மஞ்சள் எழுத்தில் விடாப்பிடியாக நிற்கும் உரிமையாளரிடம் பேச இது நல்ல துணை.

ஒரே ஒரு தளத்தைப் பராமரிப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவும் தொகுப்புகள் பல; பெரிய பதிப்பு மாறும்போது அமைவுக் கோப்புகளையும் திருத்த நேரலாம். இரண்டு மூன்று தளங்கள் ஒரே அட்டையைப் பகிரத் தொடங்கிய பிறகு நிறுவினால் போதுமானது.