முகப்பருவுக்கு எந்த ஆன்டிபயாடிக்? டெல்டா வெயிலையும் டிகிரி காபியையும் கணக்கில் கொண்டு ஓர் ஒப்பீடு

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் முகப்பருவுக்காக மூன்று வெவ்வேறு ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாப்பிட்டிருக்கிறோம். 19 வயதில் நான் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன். சில ஆண்டுகள் கழித்து என் தங்கைக்கு மினோசைக்ளின் எழுதிக் கொடுத்தார்கள். மன்னார்குடியில் இருக்கும் அத்தை மகன் அசித்ரோமைசினில் தொடங்கினான். மூன்றுமே முதலில் பருவைக் குறைக்கத்தான் செய்தன. ஆனால் குறைந்த விதமும், அந்தக் குறைவு நிலைத்த காலமும், இடையில் நாங்கள் பட்ட பாடும் ஒன்றுபோல் இல்லை. நான் மருத்துவன் அல்லன். இம்மாத்திரைகள் மருத்துவர் சீட்டில் மட்டுமே வாங்க வேண்டியவை என்பதை மனத்தில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

முதலில், மாத்திரை யாருக்கு என்பது. கரும்புள்ளியும் வெண்புள்ளியும் மட்டுமே இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையால் பெரிய பயன் இல்லை. அவற்றுக்கு மேலே தடவும் மருந்தே போதும். சிவந்து வீங்கி, சீழ் கோத்து, கன்னத்தோடு நில்லாமல் மார்பிலும் முதுகிலும் பரவும் பருக்களுக்குத்தான் இவை. பருவில் பங்கு வகிக்கும் கிருமியை முன்பு புரோபியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்றார்கள். 2016 முதல் அதற்குக் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர். டாக்ஸியும் மினோவும் அசித்ரோவும் அக்கிருமியின் புரத உற்பத்தியைத் தடுப்பதோடு, தோலின் அழற்சியையும் தணிக்கின்றன. காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரைபோல மூன்றாம் நாளே பலன் தெரியும் என்று கண்ணாடி முன் நிற்பவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் புதிய பரு கிளம்புவது குறைந்தது. அதற்கு முந்தைய ஐந்து வாரங்களும் மாத்திரை வேலை செய்யவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்ஸிசைக்ளினை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது அதுதான். வழக்கமான அளவு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சிலருக்கு இரண்டு வேளையாகத் தருவதுண்டு. விலை மலிவு, ஜன் ஔஷதிக் கடைகளில் இன்னும் மலிவு. 2024-இல் வெளியான அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலும், முகப்பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் டாக்ஸிக்கு மட்டுமே வலுவான பரிந்துரையைத் தருகிறது. ஆனால் இம்மாத்திரைக்கு நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றோடு ஒத்துப்போவதில்லை.

முதலாவது, காலை மாத்திரையைக் காபியோடு விழுங்கும் பழக்கம். "வெறும் வயித்துல போடாத தம்பி, ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போடு" என்று அம்மா நீட்டும் டபராவில் இருப்பது கெட்டியான பசும்பால். பாலில் உள்ள கால்சியம் டாக்ஸியைப் பிடித்துவைத்துக்கொண்டு, உடலில் சேரும் அளவைக் குறைக்கும். டாக்ஸியும் மினோவும் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்தவை; அவ்வகையின் பழைய மருந்தான டெட்ராசைக்ளினில் இந்த இழப்பு மிக அதிகம். டாக்ஸியில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் தினமும் நடந்தால் கணக்கில் வரும். ஆன்டிபயாடிக் சூடு என்று சொல்லி மாத்திரை விழுங்கிய கையோடு குடிக்கும் மோருக்கும் இதே கதைதான். இவற்றைவிடப் பெரிய எதிரிகள் இரும்புச்சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அசிடிட்டி மருந்தும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடும் பெண் பிள்ளைகள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் யாரும் அதை ஒரு மருந்தாகக் கருதாததால் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, படுக்கப் போகும்போது மாத்திரை போடுவது. ஓர் இரவு பத்தரை மணிக்குக் காப்ஸ்யூலை ஒரே ஒரு மிடறு நீரில் விழுங்கிவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தேன். இரண்டு மணிக்கு நெஞ்செலும்பின் பின்னால் தீக்குச்சி உரசியதுபோல் எரிச்சல் எழுப்பிவிட்டது. காப்ஸ்யூல் இரைப்பைக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து அங்கே புண்ணாக்கியிருந்தது. அடுத்த நான்கு நாட்கள் ரசம் சாதத்தைக்கூடக் கஞ்சிபோல் கரைத்துத்தான் குடித்தேன். ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. மருந்துக் கடையில் பையில் போட்டுக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. சீட்டை எழுதியவரும் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை என்று பெரியவர்கள் சொன்னாலும், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எத்தனை நொடி ஆகும் என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது.

மூன்றாவது, வெயில். டாக்ஸி சாப்பிடும் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த ஆண்டில், நான் இரண்டு நாட்கள் வரப்பில் நின்று நாற்று முடிகளை எடுத்துப் போட்டேன். மேலேயிருந்து விழும் வெயில் போதாதென்று, தேங்கிய நீரிலிருந்து எதிரொளிப்பதும் முகத்தில் அடிக்கும். அன்று மாலை மூக்கும், பிடரியும், புறங்கைகளும் வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்து எரிந்தன. தோல் உரிந்த இடம் பருத்தழும்பைவிடக் கறுத்து, தை மாதம் வரை மாறவில்லை. கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருபவருக்கு இது சிறு தொல்லை. சன்ஸ்கிரீனும் குடையும் போதும். நடவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், வேதாரண்யம் உப்பளத்தில் வெள்ளைத் தரையில் நாள் முழுக்க நிற்பவருக்கும், நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஏறுபவருக்கும் அப்படியல்ல. தோல் மருத்துவரிடம் போனால் பருவைக் காட்டுவதற்கு முன் செய்யும் தொழிலைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மினோசைக்ளின் இந்த இடத்தில் சற்று மேல். வெயில் கன்றல் டாக்ஸியைவிடக் குறைவு. கொழுப்பில் நன்கு கரையும் மருந்து என்பதால் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் எளிதில் சேரும் என்று அதற்கு ஒரு மதிப்பு நெடுங்காலமாக உண்டு. ஆனால் பருவைக் குறைப்பதில் அது டாக்ஸியை வென்றதாக உறுதியான சான்று இல்லை, விலையோ கூடுதல். தங்கைக்கு முதல் பத்து நாட்கள் தலைசுற்றல். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகும்போது பாபநாசம் தாண்டுவதற்குள் இறங்கிவிடலாமா என்று தோன்றுமாம். இம்மாத்திரை காதின் சமநிலை உறுப்பைத் தொடுவதால் வரும் தொல்லை அது. நீண்ட நாள் சாப்பிட்டால் பழைய தழும்புகளிலும் ஈறுகளிலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் படியக்கூடும். கல்லீரல் அழற்சியும், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயும் அரிதாக வருவதுண்டு. அரிது என்றாலும், முகப்பருவுக்காக ஏற்கத்தக்க அபாயம்தானா என்று கேட்டால் என் விடை, டாக்ஸி ஒத்துக்கொள்ளாதவருக்கு மட்டும் என்பதே. ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: கர்ப்பிணிகளும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இவற்றைச் சாப்பிடக் கூடாது.

நம் பக்கத்தில் உண்மையான போட்டி டாக்ஸிக்கும் அசித்ரோமைசினுக்கும்தான். பலர் அசித்ரோவை விரும்பக் காரணம் உண்டு. உடலின் திசுக்களில் பல நாட்கள் தங்கும் மருந்து என்பதால் வாரத்தில் மூன்று நாட்கள் 500 மில்லிகிராம் என்ற கணக்கில் தருகிறார்கள். பாலும் மோரும் தடையில்லை. வெயில் தொல்லை குறைவு. டெட்ராசைக்ளின் வகை சேராத கர்ப்பிணிகளுக்கும் தேவைப்பட்டால் மருத்துவர் யோசிக்கலாம். வயிற்றுப்போக்கும் குமட்டலும் சிலருக்கு வரும். இதயத் துடிப்பின் ஒழுங்கில் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இவ்வளவு வசதி இருந்தும் 2024 வழிகாட்டுதல் இரண்டில் டாக்ஸியையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. முகப்பருவுக்குப் போடும் மாத்திரை முகத்தோடு நிற்பதில்லை. தொண்டையிலும் குடலிலும் உள்ள கிருமிகளையும் தனக்குப் பழக்கிவிடுகிறது. டைபாய்டுக்கு நாம் நம்பியிருக்கும் சில மருந்துகளில் அசித்ரோவும் ஒன்று. (உண்ணிக் காய்ச்சலுக்கும், வெள்ளம் வடிந்த பின் வரும் எலிக்காய்ச்சலுக்கும் டாக்ஸி கைகொடுப்பதால், அதையும் தாராளமாக விழுங்கலாம் என்று சொல்ல வரவில்லை.)

அத்தை மகன் கதை இங்கேதான் சிக்கலாகிறது. முதல் சுற்றை மருத்துவர் எழுதினார். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை அதே கிழிந்த சீட்டைக் காட்டிக் கடையில் அவனே வாங்கினான். முதல் சுற்றுக்குப் பின் ஐந்து மாதம் முகம் தெளிவாக இருந்தது. இரண்டாவதற்குப் பின் இரண்டு மாதம். மூன்றாவது சுற்றின் நடுவிலேயே நெற்றியிலும் முதுகிலும் கடுகு தூவியதுபோல் ஒரே அளவில் பொரிகள் கிளம்பி, வியர்த்தால் அரித்தன. அவன் இன்னும் வலுவான மாத்திரை கேட்டான். தஞ்சாவூரில் பார்த்த தோல் மருத்துவர் அது பருவே அல்ல, மலாசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சி என்றார். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறைத்த இடத்தில், நம் புழுக்கத்தில், பூஞ்சை தழைத்துவிட்டது. அரிப்பு இருக்கிறதா, எல்லாப் பொரிகளும் ஒரே அளவா என்ற இரண்டு கேள்விகளை வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சுற்று மாத்திரை மிஞ்சியிருக்கும். கடையில் கூடவே கொடுத்த, முகம் வெளுக்கும் என்ற களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது; அது தானே பருவைக் கிளப்பக்கூடியது.

மூன்று பேரில் யாருக்குப் பலன் நீடித்தது என்று பார்த்தால், மாத்திரையின் பெயரைவிடக் கூடச் சேர்ந்த களிம்பே அதைத் தீர்மானித்தது. தங்கைக்கு இரவில் அடாபலீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல். பெராக்சைடுக்குக் கிருமி பழகிக்கொள்வதில்லை. மாத்திரைக்கு எதிர்ப்பு வளர்வதையும் அது மட்டுப்படுத்துகிறது. அதனால்தான் ஆன்டிபயாடிக்கைத் தனியே தரக் கூடாது என்கிறார்கள். அது துணியை வெளுக்கும் என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. திருபுவனம் பட்டுக்குத் தைத்த அரக்கு ரவிக்கையின் கழுத்தோரம் வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு விழுந்து, கல்யாணப் பந்தலில் அத்தைகள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவளுடைய சீட்டில் 12 வாரம், பிறகு நிறுத்தவும் என்று எழுதியிருந்தது. மாத்திரை அன்றே நின்றது, அடாபலீன் தொடர்ந்தது, முகம் அப்படியே இருந்தது. எனக்கு ஜெல் தரப்படவில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் மாதம் பாதிப் பருக்கள் திரும்பின.

மூன்று, நான்கு மாதங்களில் அடங்காதவர்களுக்கும், தழும்பு விழும் கட்டிப் பருக்கள் உள்ளவர்களுக்கும் ஐசோட்ரெட்டினோயின் என்ற வேறு பாதை இருக்கிறது. அது ஆன்டிபயாடிக் அல்ல. எண்ணெய்ச் சுரப்பையே சுருக்குகிறது. உதடு வெடிக்கும், கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும், கருவுக்குப் பெருங்கேடு என்பதால் பெண்களுக்குக் கருத்தடைக் கட்டுப்பாடு மிகக் கடுமை. டாக்ஸியையோ மினோவையோ இதனுடன் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடிவிடும். பழைய பட்டையில் மிச்சமிருக்கும் காப்ஸ்யூல்களைத் தூக்கி எறிந்துவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

எனக்கு மறுபடி வந்தால் டாக்ஸியைத்தான் கேட்பேன்: முதல் நாளிலிருந்தே பெராக்சைடு ஜெல்லோடு, நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதச் சொல்லி, நடவு முடிந்த பிறகு. நான்கு இட்லிக்குப் பின் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துக் காபி என்பது கணக்கு. இதில் அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே பத்தியம் அந்த இரண்டு மணி நேரம்தான்.