சொலேம் மடமும் சாந்திவனமும்

புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி வாழும் கத்தோலிக்கத் துறவியரின், அதாவது பெனடிக்டைன்களின், வாழ்க்கையைச் சில நாட்கள் உடனிருந்து காண விரும்புவோர்க்கு இரு இடங்களை ஒப்பிட்டுச் சொல்லலாம்: பிரான்சின் சார்த் ஆற்றங்கரையில் 1833இல் புரோஸ்பர் கெராஞ்சே மீண்டும் தொடங்கிய சொலேம் மடம், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் உருவான சாந்திவனம். இவற்றுக்கிடையே உறவும் உண்டு; பிரெஞ்சுக் குரு மோன்சானெனுடன் சேர்ந்து சாந்திவனத்தை நிறுவிய ஆன்றி லெ சோ, சொலேமிலிருந்து கிளைத்த கெர்கொனான் மடத்துத் துறவி.

சொலேமில் வழிபாட்டு வேளைகளே நாளை அளக்கின்றன. பழைய ஏடுகளை ஒப்பிட்டு, கிரிகோரியன் எனப்படும் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல் மரபை மீட்ட மடம் என்பதால், லத்தீன் அறியாதவரும் அங்கே பாடலைக் கேட்டே வழிபாட்டின் போக்கை உணர முடியும். ஒருவர் நூல் வாசிக்க, மற்றவர்கள் மௌனமாக உண்கிறார்கள். விருந்தினரும் அதே ஒழுங்குக்கு உட்படவேண்டும்.

சாந்திவனம் பெனடிக்டைன் மரபில், தனிமைத் தவத்தையும் சேர்ந்து வாழ்வதையும் இணைக்கும் கமால்டோலிக் கிளையைச் சேர்ந்தது. ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1968 முதல் 1993இல் மறையும்வரை அதை வளர்த்தார். காவி உடை, சைவ உணவு, உபநிடத வாசிப்பு, ஆரத்தி, காலையும் மாலையும் தியானம் என்று அங்கே வாழ்வு வேறு முகம் கொள்கிறது. இந்தக் கலப்பை இந்துக்களிலும் கிறிஸ்தவர்களிலும் சிலர் கடுமையாக எதிர்த்ததுண்டு. அவர்கள் எழுப்பிய கேள்விகளைப் புறந்தள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

புனித பெனடிக்டின் ஒழுங்கு அன்றாடத்தில் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புவோர்க்குச் சொலேமே பொருத்தம். ஆனால் கேட்கவும் விவாதிக்கவும் கேள்விகளோடு வருபவருக்கு, செலவும் குறைவான சாந்திவனத்தையே பரிந்துரைப்பேன்.